மாத்திரை சரி, காபி எத்தனை மணிக்கு?

கேள்வி: எனக்கு வயது 46. வேலூரில் ஒரு ஹார்டுவேர் கடையில் பதினெட்டு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். ஆறு வருடமாகத் தைராய்டு மாத்திரை, 75 பவர். இப்போது ஒரு வருடமாக மூளையே ஓட மாட்டேன் என்கிறது. பழகிய வாடிக்கையாளரின் பெயர் வாயில் வருவதில்லை. ஒரே பில்லை இரண்டு முறை பதிந்துவிடுகிறேன். ராத்திரி வியர்த்து விழித்துக்கொள்கிறேன். மாதவிலக்கு எட்டு, ஒன்பது நாள் போகிறது. அதற்காக இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள் கொடுத்திருக்கிறார்கள். மூன்றையும் காலையில் காபியோடு போட்டுக்கொண்டு 6 மணி பஸ்ஸைப் பிடிக்கிறேன். போன மாத ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். 8.6, ஹீமோகுளோபின் 9.8. பவரைக் கூட்ட வேண்டுமா? அம்மாவுக்கு வயதான காலத்தில் மறதி நோய் இருந்தது. எனக்கும் அதுதானோ என்று பயமாக இருக்கிறது. வேலையை விட்டுவிடலாமா?
— வாசகி, குடியாத்தம்

பதில்: முதலில் அம்மாவின் நோயை ஓரமாக வையுங்கள். பில்லை இரண்டு முறை பதிந்ததை நீங்களே கண்டுபிடித்து, ரிப்போர்ட் எண்களோடு இவ்வளவு கோவையாக எழுதியிருக்கிறீர்கள். மறதி நோயில் பெரும்பாலும் பிழையை வீட்டிலுள்ளவர்கள்தான் முதலில் கவனிப்பார்கள். உங்களுக்கு இருப்பதை இப்போது 'பிரெயின் ஃபாக்' என்கிறார்கள். அது நோயின் பெயர் இல்லை. காய்ச்சல் மாதிரி, உள்ளே வேறு ஏதோ இருப்பதைக் காட்டும் அறிகுறி.

அந்த 'வேறு ஏதோ' உங்கள் கடிதத்திலேயே, போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில் இருக்கிறது: மூன்றையும் காபியோடு.

தைராய்டு மாத்திரைக்குத் துணை ஆகாது. இரும்பும் கால்சியமும் குடலில் அதைப் பிடித்துக்கொள்கின்றன. மருந்து ரத்தத்துக்குப் போகாமல் மலத்தோடு வெளியேறிவிடுகிறது. காபியும் உறிஞ்சப்படும் அளவைக் குறைக்கிறது. நீங்கள் 75 விழுங்குகிறீர்கள், உடம்புக்கு அதில் எவ்வளவு சேர்கிறது என்பது சந்தேகம். ஹார்மோன் போதாதபோது மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி டி.எஸ்.எச்.சைக் கூடுதலாக அனுப்பித் தைராய்டை விரட்டுகிறது. சாதாரணமாக 4, 4.5-க்குள் இருக்க வேண்டியது உங்களுக்கு 8.6-இல் நிற்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

இதில் ஒரு சுழற்சி இருப்பதைப் பாருங்கள். தைராய்டு குறைந்தால் மாதவிலக்கு அதிகமாகப் போகும். அதிகம் போனால் ரத்தம் குறையும். ரத்தம் குறைந்ததற்கு இரும்பு மாத்திரை. அந்த இரும்பு தைராய்டு மாத்திரையைத் தடுக்கிறது. தைராய்டு இன்னும் குறைகிறது. ரத்தசோகையும் தைராய்டு குறைவும் தனித்தனியாகவே மூளையை மந்தமாக்கும். உங்களுக்கு இரண்டும் சேர்ந்திருக்கின்றன.

அதனால் இப்போதே பவரைக் கூட்டச் சொல்ல மாட்டேன். பவரையும் கூட்டி, அப்புறம் ஒருநாள் நேரத்தையும் சரிசெய்தால், மருந்து மிஞ்சிப்போய் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். முதலில் நேரத்தை மாற்றுங்கள். எழுந்ததும் வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு தைராய்டு மாத்திரை மட்டும். காபிக்கும் டிபனுக்கும் குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் போகட்டும். 6 மணி பஸ் என்றால் 4.45-க்கு எழ வேண்டுமா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. வேண்டாம். இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கப்போகும்போது போட்டாலும் வேலை செய்யும். ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து மாற்றாமல் கடைப்பிடியுங்கள். இரும்பும் கால்சியமும் தைராய்டு மாத்திரையிலிருந்து நான்கு மணி நேரமாவது தள்ளி இருக்க வேண்டும். காலையில் தைராய்டு என்றால், இரும்பை 11 மணிக்குக் கடையில் போடலாம், டீயோடு அல்ல. கால்சியம் ராத்திரிச் சாப்பாட்டோடு.

பாட்டிலை எங்கே வைத்திருக்கிறீர்கள்? சித்திரை வைகாசியில் நம் ஊரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே பரண் மேலோ அடுப்பு மேடையிலோ இருந்தால் இந்த மாத்திரையின் வீரியம் குறையும். வெயில் படாத, சூடில்லாத அலமாரியில் அதன் சொந்தப் பாட்டிலிலேயே இருக்கட்டும்.

ராத்திரி வியர்வை வேறு கதை. மே மாதத்தில் வேலூரில் வியர்க்காதவர் யார்? ஆனால் மார்கழிக் குளிரிலும் போர்வையை உதறிவிட்டு எழுந்தீர்கள் என்றால், அது மாதவிலக்கு நிற்கப்போகும் பருவத்தின் அடையாளமாக இருக்கலாம். நம் நாட்டில் சராசரியாக 46, 47 வயதில் நிற்கிறது. அதற்குச் சில வருடங்கள் முன்பிருந்தே ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஏறி இறங்கும். அது தூக்கத்தைக் கெடுக்கும், தூக்கம் கெட்டால் அடுத்த நாள் பெயர்கள் நினைவுக்கு வராது. பலருக்கு இந்தப் பருவம் கடந்ததும் இந்த மந்தம் குறைகிறது. வியர்வை தாங்க முடியவில்லை என்றால் ஹார்மோன் சிகிச்சை உண்டு. ஆனால் எல்லோருக்கும் அது ஏற்றதல்ல, மகப்பேறு மருத்துவர் பரிசோதித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எப்படியும் நீங்கள் அவரைப் பார்க்க வேண்டும். ஒன்பது நாள் போக்கை 'வயசு அப்படி' என்று விட்டுவிடக் கூடாது. ஸ்கேன் எடுத்துக் கர்ப்பப்பையில் கட்டி ஏதும் இல்லையே என்று பார்க்கட்டும்.

கூடவே ஃபெரிட்டின் (உடம்பில் சேமிப்பாக இருக்கும் இரும்பின் அளவு), வைட்டமின் பி12, சர்க்கரை மூன்றையும் பார்த்துவிடுங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைவது சகஜம். சத்தமாகக் குறட்டை விடுகிறீர்களா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் மனசு எதிலும் ஒட்டாமல் இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் யாராவது சொல்லியிருப்பார்கள்: முட்டைக்கோஸை நிறுத்து, வல்லாரை சாப்பிடு என்று. வேகவைத்த முட்டைக்கோஸ் அளவோடு சாப்பிடலாம். வல்லாரைத் துவையல் ருசிக்காகச் சாப்பிடுங்கள், மாத்திரைக்குப் பதிலாக வேண்டாம். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்கும் தைராய்டுக்கும் ஒரு பகையும் கிடையாது.

திடீரென்று பேச்சு குழறினாலோ, வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை மட்டும் தளர்ந்தாலோ அது இந்த மந்தம் அல்ல; 108-ஐ அழையுங்கள்.

வேலையை விடும் யோசனையை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். கவனம் வேண்டிய பதிவுகளைக் காலையிலேயே முடித்துவிட்டு, சாயங்காலம் ஃபைல் அடுக்குவது போன்றவற்றை வைத்துக்கொள்ளுங்கள். இந்த மருந்து மெதுவாகத்தான் உடம்பில் நிலைபெறும், ஆகவே நேரத்தை மாற்றி 6 முதல் 8 வாரம் கழித்து டி.எஸ்.எச். பாருங்கள். அப்போதும் கூடுதலாக இருந்தால் பவரைக் கூட்டுவது பற்றி உங்கள் மருத்துவர் முடிவு செய்வார். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால், ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே நிறுத்திவிடுங்கள், அது ரிப்போர்ட்டைப் பிசகாகக் காட்டும். காலையில் தைராய்டு மாத்திரை போடுகிறவர் என்றால் அன்றைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு அப்புறம் போடுங்கள்.