கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டால் முடிந்ததா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை நம் ஆட்கள் கேட்டதும், நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற நான் சொன்னதும்.

கேள்வி: கூட்டரசு நீதிமன்றத்தில் தோற்றால் மேலே எங்கே போவது, ஐயா?

மேலே ஒன்றும் இல்லை, தம்பி. மலேசியாவில் அதுதான் உச்ச நீதிமன்றம். முன்பு லண்டனில் பிரிவி கவுன்சில் என்ற மேல்முறையீட்டு மன்றம் வரை போனார்கள். 1985-ல் அந்த வழி முழுதாக அடைபட்டது.

கேள்வி: அப்படியென்றால் அங்கே சொல்வதெல்லாம் சரிதானா? (பிஸ்கட் டின்னில் நில உரிமைப் பத்திரமான கிராண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு வந்த ஓர் அம்மா)

இல்லைம்மா. வழக்கு முடிந்தது என்பது வேறு, சொன்னது சரி என்பது வேறு. பூன்சோம் என்ற தாய்லாந்துப் பெண்ணுக்குப் பினாங்கில் நிலம் இருந்தது. யாரோ அவராக நடித்துப் போலிக் கையெழுத்துப் போட்டு விற்றுவிட்டார்கள். 2000-ல் கூட்டரசு நீதிமன்றம், விவரம் தெரியாமல் காசு கொடுத்து வாங்கிய அடோர்னா நிறுவனத்துக்கே நிலம் என்றது. உங்களைப் போல கிராண்டைப் பத்திரமாக வைத்திருந்தவர்களுக்குக்கூட அப்போது வயிற்றைக் கலக்கியது. கீழ் நீதிமன்றங்கள் அந்தத் தீர்ப்பைத்தான் பின்பற்ற வேண்டியிருந்தது. 2010 ஜனவரியில், டான் யிங் ஹோங் வழக்கில், அதே நீதிமன்றமே அது தவறு என்று சொல்லி மாற்றியது. போலிக் கையெழுத்தால் நேரடியாக நிலம் வாங்கியவரிடமிருந்து உண்மையான சொந்தக்காரர் இப்போது நிலத்தை மீட்கலாம். ஆனால் பூன்சோமின் நிலம் திரும்பவில்லை. சட்டம் திருந்தியது, அவர் வழக்கு திருந்தவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறாது.

கேள்வி: மறுஆய்வு கேட்கலாமாமே?

கேட்கலாம். கூட்டரசு நீதிமன்ற விதிகளில் 137-வது விதி இருக்கிறது. தீர்ப்பு பிடிக்கவில்லை என்பதற்காகத் திறக்க மாட்டார்கள். பெரிய அநீதி நடந்ததென்று காட்ட வேண்டும். கிடைப்பது மிக அபூர்வம்.

கேள்வி: தீர்ப்பு வந்தும் ஈப்போ ஆசிரியை இந்திரா காந்திக்குப் பிள்ளை கிடைக்கவில்லையே?

ஈப்போ நம் பக்கத்து ஊர்தான், சொல்லாமல் இருக்க முடியாது. 2009-ல் 11 மாதக் கைக்குழந்தையைக் கணவர் தூக்கிக்கொண்டு போனார். மூன்று பிள்ளைகளையும் தாய்க்குத் தெரியாமல் இஸ்லாத்துக்கு மதம் மாற்றினார். 2007-ல் இதே போன்ற சுபாஷினி வழக்கில், பிள்ளையை மதம் மாற்றப் பெற்றோரில் ஒருவர் சம்மதம் போதும் என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொல்லியிருந்தார்கள். 2018 ஜனவரி 29-ல் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக, இருவர் சம்மதமும் வேண்டும், அந்த மதமாற்றம் செல்லாது என்றார்கள். அப்புறமும் அந்தத் தாய் ஆண்டுக்கணக்கில் வாசல் வாசலாக ஏறி இறங்கினார். தீர்ப்பு தப்பா சரியா என்று வக்கீல்கள் வாதாடட்டும். ஆனால் அதை நிறைவேற்றலாமா வேண்டாமா என்று யோசிக்க எந்த அதிகாரிக்கும் உரிமை கிடையாது. தேடிப் பிடித்துக் குழந்தையைத் தாயிடம் கொடுக்க வேண்டியது போலீஸ் கடமை.