கொலுசுப் பட்டறைக்கு மாதச் சம்பளத்தில் கணக்காளர் தேவையா?

கேள்வி: சேலம் செவ்வாய்பேட்டையில் என் கணவர் தொடங்கிய வெள்ளிக் கொலுசுப் பட்டறையை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். ஆறு பேர் வேலை செய்கிறார்கள். விற்றுமுதல் வருஷா வருஷம் ஏறுகிறது. ஆடிட்டர் போட்டுத் தரும் கணக்கில் லாபமும் இருக்கிறது. ஆனால் கட்டி வெள்ளி வாங்கப் போனால் பணம் போதவில்லை. என் நகையை அடகு வைத்துத்தான் ஓட்டுகிறேன். மாதம் ஐயாயிரம் கொடுத்து ஒரு அக்கவுண்டன்ட் வைக்கச் சொல்கிறான் மகன். ரிட்டன் போட ஆடிட்டர் இருக்கும்போது இது வீண் செலவு இல்லையா, ஐயா?

பதில்: வீண் இல்லைம்மா. ஆனால் அந்த ஐயாயிரத்துக்கு அவர் என்ன வேலை செய்ய வேண்டும் என்று நீங்கள் கேட்டு வாங்க வேண்டும். பில்லைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு ஜிஎஸ்டி கட்டிவிட்டுப் போகிறவரால் உங்கள் நகை திரும்பி வராது. உங்களுக்குத் தேவை கிராம் கணக்கு எழுதத் தெரிந்தவர்.

2025 தொடக்கத்தில் கிலோ ஒரு லட்சத்தை ஒட்டி இருந்த வெள்ளி, அந்த வருஷம் முடிவதற்குள் இரண்டு லட்சத்தைத் தாண்டியது. உங்கள் விற்றுமுதல் ஏறியதில் எவ்வளவு இந்த விலை ஏற்றம், எவ்வளவு நீங்கள் கூடுதலாகச் செய்த கொலுசு? இந்தக் கேள்விக்கு உங்களிடம் இப்போது பதில் இருக்காது. ரூபாய்க் கணக்கில் இரண்டும் ஒன்றாகக் கலந்து கிடக்கும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். கொலுசு செய்து தர வாங்கும் கூலியை இப்போதைக்கு ஒதுக்கி வைப்போம். கிலோ ஒரு லட்சம் என்று 10 கிலோ வாங்கினீர்கள். போட்ட முதல் 10 லட்சம். கொலுசாகி விற்கும்போது விலை ஒன்றரை லட்சம்; வெள்ளிக்கு மட்டும் 15 லட்சம் வந்தது. கணக்கில் 5 லட்சம் லாபம். அதில் வரிக்கும் வீட்டுச் செலவுக்கும் மகள் சீருக்கும் 3 லட்சம் எடுத்தீர்கள். மீதி 12 லட்சம். அதை எடுத்துக்கொண்டு போனால் 8 கிலோதான் வாங்க முடியும். தாளில் லாபம், பட்டறையில் 2 கிலோ குறைவு. அந்த 2 கிலோவை ஈடுகட்டத்தான் உங்கள் வளையல் அடகுக்குப் போயிருக்கிறது.

இதில் ஆடிட்டர் தப்பாக எழுதினார் என்று சொல்ல முடியாது. கையிருப்பை முதலில் வாங்கியது முதலில் விற்றதாகவோ சராசரி விலையிலோ மதிப்பிடத்தான் நம் நாட்டுக் கணக்குத் தரநிலை ஏஎஸ்-2 இடம் தருகிறது. கடைசியாக வாங்கிய விலையை முதலில் கழிக்க முடியாது. எனவே அந்த லாபத்துக்கு வரி உண்டு, தப்ப வழியில்லை. நல்ல கணக்காளர் செய்யக்கூடியது வேறு: மாதக் கடைசியில் உங்களை உட்கார வைத்து, ‘இது கூலியில் வந்த லாபம், இதை எடுக்கலாம். இது வெள்ளி விலையில் வந்தது, வரிக்கு இவ்வளவு ஒதுக்கிவிட்டு மற்றதைத் தொடாதீர்கள்’ என்று பிரித்துச் சொல்வது. பட்டறை பத்து வருஷம் கழித்தும் நிற்குமா என்பது பெரும்பாலும் இந்த ஒரு பிரிப்பில் இருக்கிறது.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். 2010-11 நிதியாண்டில் வெள்ளி விலை ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அப்போது ஒரு பட்டறைக்காரருக்கு நான் ரிட்டன் போட்டுக் கொடுத்தேன். பெரிய லாபம். அந்தத் தாளை நம்பி அவர் மாடி கட்டினார். கையில் எத்தனை கிலோ இருக்கிறது என்று நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. இரண்டு வருஷத்தில் பட்டறையை மூடிவிட்டு இன்னொருவரிடம் கூலிக்குப் போனார். அதன் பிறகு எந்தப் பட்டறைக் கணக்கையும் கிராமில்தான் தொடங்குகிறேன்.

அடுத்தது சேதாரம். கடைக்காரர் கிலோவுக்கு 10 கிராம் ஒத்துக்கொள்கிறார், உங்கள் பட்டறையில் நிஜமாகப் போவது 15 கிராம் என்று வையுங்கள். அந்த 5 கிராம் உங்கள் கைக்காசு. கிலோ 60,000 விற்றபோது அது 300 ரூபாய், யாரும் கவனிக்கவில்லை. கிலோ இரண்டு லட்சம் என்றால் அதே 5 கிராம் 1,000 ரூபாய். கூலியோ கிலோவுக்கு இத்தனை என்று பேசியபடியே நிற்கிறது. விலை ஏற ஏறக் கூலியைச் சேதாரம் தின்றுவிடும். பேசிய கூலியை மறுபடி பேசக் கையில் ஆதாரம் வேண்டும்; கிராம் நோட்டுதான் அந்த ஆதாரம்.

அந்த நோட்டை நீங்களோ வீட்டில் ஒருவரோ தினமும் எழுதலாம். ஒவ்வொரு ஆளுக்கும் கொடுத்த எடை, டச் (அதாவது நூற்றில் எத்தனை பங்கு சுத்த வெள்ளி), திரும்பி வந்த எடை, வேலையில் உதிர்ந்த பொடி, வித்தியாசம். எல்லாவற்றையும் சுத்த வெள்ளியாக மாற்றி எழுதுங்கள். 80 டச்சில் ஒரு கிலோ என்றால் சுத்த வெள்ளி 800 கிராம். இல்லாவிட்டால் செம்பையும் வெள்ளியென்று எண்ணிக்கொண்டிருப்போம். கணக்காளர் மாதம் ஒரு முறை நேரில் வந்து, நோட்டில் இருப்பதும் தராசில் இருப்பதும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். வாட்ஸ்அப்பில் பில் வாங்கிக்கொண்டு வேலையை முடிப்பவர் வேண்டாம்.

கடைக்காரர் வெள்ளியில் கூலிக்குச் செய்வதையும், சொந்த வெள்ளியில் செய்து விற்பதையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். முதலாவதில் உங்கள் வருமானம் கூலி மட்டும்தான். ஜிஎஸ்டி விகிதமும் வேறு: வெள்ளி விற்பனைக்கு 3 சதவீதம், கூலி வேலைக்கு 5. இன்னொரு பழக்கமும் கொண்டுவாருங்கள். சொந்த வெள்ளி ஆர்டருக்கு விலை கட்டிய அன்றே அதே எடைக்குக் கட்டி வெள்ளிக்கும் விலை கட்டிவிடுங்கள். நாளைக்கு இறங்கும் என்று காத்திருப்பது பட்டறை வேலை இல்லை.

கடைசியாக, கடன் பாக்கி. குறு, சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இருக்கிறதா? இல்லையென்றால் உடனே செய்யுங்கள். அதற்குக் கட்டணமே கிடையாது. பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் இல்லாவிட்டால் 15 நாளிலும் பணம் தர வேண்டும். கெடு தாண்டி மார்ச் 31-க்குள்ளும் தராவிட்டால், வாங்கியவர் அதை அந்த வருஷச் செலவாகக் காட்ட முடியாது. பணம் தரும் வருஷத்தில்தான் காட்டலாம். 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து இது நடப்பில் இருக்கிறது. சண்டை வேண்டாம். பில்லிலேயே உத்யம் எண்ணை அச்சடித்துவிடுங்கள், பிப்ரவரியில் பாக்கி விவரத்தை உங்கள் கணக்காளர் எழுதியதாக ஒரு கடிதத்தில் பாக்கி வைத்தவர்களுக்கு அனுப்புங்கள். அவர்கள் ஆடிட்டர் மீதியைச் சொல்லிக்கொள்வார்.

ஆளைத் தேடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை பட்டறை ஓடாத நேரத்தில் மகனையும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் எடை போடுங்கள்: கட்டி, கம்பி, பாதியில் நிற்கும் கொலுசு, மெருகுக்குப் போனது, ஆட்களின் பெட்டியில் இருக்கும் பொடி, வெள்ளி உருக்கும் குகையின் அடியில் ஒட்டியிருப்பது வரை. சுத்த வெள்ளியில் அது எவ்வளவு என்று நோட்டின் முதல் பக்கத்தில் தேதி போட்டு எழுதுங்கள். கணக்காளர் வந்ததும் அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.