ஆர்15 கேள்வி பதில்: ஆயில், செயின், டயர், அப்புறம் மைலேஜ்

சின்ன ஸ்போர்ட்ஸ் பைக் வைத்திருப்பவர்கள் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்று போன வாரம் எழுதியிருந்தேன். வந்ததில் முக்கால்வாசி யமஹா ஆர்15 பற்றித்தான். வி1, வி2, வி3 என்று வருவதெல்லாம் இந்த வண்டியின் முதல், இரண்டாம், மூன்றாம் மாடல். கோவையில் என் பட்டறைக்கு அதிகம் வருவதும் அதே வண்டிதான் என்பதால் எனக்கும் வசதி. கேள்விகளைச் சுருக்கிப் போட்டிருக்கிறேன். பெயர் வேண்டாம், ஊர் போதும்.

சேலம்: வி3 வாங்கி ஒரு வருஷம் ஆகிறது. ஆயில் எல்லாம் ஒன்றுதான், காருக்கு வாங்கியதில் மீதி இருப்பதை ஊற்று என்கிறார் மாமா. ஊற்றலாமா அண்ணா?

வேண்டாம் தம்பி. காரில் இன்ஜின் ஆயிலுக்கு இன்ஜினைப் பார்த்துக்கொள்வது மட்டும்தான் வேலை. கியர்பாக்ஸுக்குத் தனி ஆயில் இருக்கிறது, கிளட்ச் வேறு இடத்தில் இருக்கிறது. உங்கள் வண்டியில் பிஸ்டன், கியர், கிளட்ச் பிளேட் மூன்றுமே ஒரே ஆயிலில் நனைகின்றன. கார் ஆயில் பலவற்றில் மைலேஜுக்காக உராய்வைக் குறைக்கும் சரக்கு சேர்த்திருப்பார்கள். கிளட்ச் பிளேட்டோ உராய்வை நம்பித்தான் வேலை செய்கிறது. அந்த ஆயிலை ஊற்றினால் கொஞ்ச நாளில் ஆக்ஸிலரேட்டர் முறுக்க முறுக்க இன்ஜின் கத்தும், வண்டி மட்டும் நகராது. பிளேட் செட் மாற்றும் செலவில் நல்ல ஆயில் பல தடவை வாங்கலாம்.

டப்பாவின் பின்பக்கம் 'ஜாசோ எம்ஏ' அல்லது 'எம்ஏ2' என்று இருக்கிறதா பாருங்கள். ஜப்பான்காரர்கள் பைக் ஆயிலுக்கு வைத்த தரம் அது. 'எம்பி' என்று போட்டிருந்தால் அது ஸ்கூட்டருக்கு. 10டபிள்யூ-40 (ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்லும் எண்), எம்ஏ2 என்று இருந்தால் எந்த நல்ல கம்பெனி ஆயிலும் சரி. எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை என்பதற்குக் கையேட்டைப் பாருங்கள். தினமும் டவுன் நெரிசலில் உருளும் வண்டியென்றால் அதற்குக் கொஞ்சம் முன்பே மாற்றுவது நல்லது. இந்த இன்ஜின் 10,000 ஆர்பிஎம்மில்தான், அதாவது நிமிடத்துக்கு 10,000 சுற்றில்தான், முழு பவரைக் கொடுக்கிறது. அவ்வளவு வேகத்தில் சுற்றும் இன்ஜினுக்கு ஆயிலில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

கரூர்: டிராஃபிக்கில் நின்றால் ஏதோ ஃபேன் ஓடுகிற சத்தம். வண்டியை நிறுத்திய பிறகும் சில சமயம் கேட்கிறது. ரிப்பேரா?

இல்லை, இன்ஜின் சூட்டைத் தணிக்கும் ரேடியேட்டரின் ஃபேன். அது ஓடவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும். நெரிசலில் டெம்பரேச்சர் விளக்கு எரிந்து, ஃபேன் சத்தமும் இல்லையென்றால் ஓரங்கட்டி அணைத்துவிடுங்கள். முதலில் ஃபியூஸ், பிறகு ஃபேனுக்குப் போகும் வயர் சாக்கெட், அப்புறம் ஃபேன் மோட்டார் என்று வரிசையாகப் பார்க்கலாம். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

ரேடியேட்டரில் ஓடும் கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்) குறைந்தால் போர் தண்ணீர் ஊற்றுபவர்கள் நம் பக்கம் நிறைய. அதிலுள்ள உப்பு ரேடியேட்டரின் சின்னச் சின்னக் குழாய்களில் படிந்து அடைத்துவிடும். கலந்தே விற்கும் கூலன்ட்டை வாங்கி ஊற்றுங்கள்.

வேளச்சேரி: மைலேஜ் எவ்வளவு வரும்?

நாற்பதிலிருந்து ஐம்பது. உங்கள் வலது கையைப் பொறுத்தது.

திருப்பூர்: செயின் கரகர என்று சத்தம். பக்கத்துப் பட்டறையில் பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றி அனுப்புகிறார்கள். இரண்டு நாள் சத்தம் இல்லை, பிறகு பழையபடிதான்.

கழிவு ஆயிலில் கிளட்ச் தூளும் இரும்புத் தூளும் கலந்திருக்கும். அதைச் செயினுக்கு ஊற்றினால் தேய்மானம்தான் கூடும். நிறுத்தச் சொல்லுங்கள்.

முறை இதுதான். மண்ணெண்ணெயோ செயின் கிளீனரோ தொட்டு, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்துக் காய விடுங்கள். பெட்ரோல் வேண்டாம், கம்பி பிரஷ்ஷும் வேண்டாம். ஓ-ரிங் செயின் என்றால் ரப்பர் வளையங்கள் போய்விடும். காய்ந்த பிறகு செயின் ஸ்பிரே அல்லது 90 கியர் ஆயில். ஸ்பிரே உசத்தி, கியர் ஆயில் மட்டம் என்று சண்டை போட வேண்டாம். கியர் ஆயில் மலிவு, நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் ரிம்மெல்லாம் தெறிக்கும். போட்டு அரை மணி கழித்து மேலே நிற்கும் ஆயிலைத் துடைத்துவிட்டால் அதுவும் குறையும். 500 கிலோமீட்டருக்கு ஒரு தடவை, மழையில் நனைந்தால் அன்றைக்கே.

இதை எல்லோரும் படியுங்கள்: செயினைத் துடைக்கும்போது இன்ஜின் ஓடக் கூடாது. வி3-க்குச் சென்டர் ஸ்டாண்டு கிடையாது. அதனால் பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் பேடாக் ஸ்டாண்டில் ஏற்றி, ஃபர்ஸ்ட் கியர் போட்டு, சக்கரம் தானாகச் சுற்றச் சுற்றத் துணியைப் பிடிக்கிறார்கள். துணியை ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல் சக்கரம்) இழுக்கும்போது விரலும் சேர்ந்தே போகும். கையை எடுக்க நேரமே இருக்காது. சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள்.

சுத்தம் செய்த பிறகும் சத்தம் இருந்தால் செயினின் டென்ஷன், அதாவது இறுக்கம், பாருங்கள். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே வந்தால் செயின் ஓரிடத்தில் இறுக்கமாகவும் ஓரிடத்தில் தொங்கலாகவும் இருக்கும். இறுக்கமான இடத்தில் வைத்துத்தான் கையேட்டில் சொன்ன அளவைச் சரிபார்க்க வேண்டும். வித்தியாசம் ரொம்ப அதிகமென்றால் செயின் முடிந்தது. செயினும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் ஒரே செட்டாக மாற்றுங்கள். தேய்ந்த பல்லில் புதுச் செயின் போட்டால் அதுவும் சீக்கிரம் போய்விடும்.

பொள்ளாச்சி: என்னிடம் இருப்பது பழைய வி1. பின் டயர் ஒல்லியாக இருக்கிறது. 130 மில்லிமீட்டர் அகல டயர் போட்டால் பார்க்க நன்றாக இருக்கும், கிரிப்பும் கூடும் என்கிறார்கள். போடலாமா?

பார்க்க நன்றாக இருக்கும் என்பதை மறுக்க மாட்டேன். கிரிப் கூடும் என்பதைத்தான் ஒத்துக்கொள்ள முடியாது. 2008-இல் வந்த வி1-க்குப் பின் டயர் 100/80-17, அதாவது 100 மில்லிமீட்டர் அகலம், அதில் 80 சதவீதம் உயரம், 17 இன்ச் ரிம். அதற்கேற்ற ஒடுங்கிய ரிம். அதில் 130 டயரை மாட்டினால் ரிம் இரண்டு பக்கமும் டயரை இறுக்கிப் பிடிக்கும், நடுப்பகுதி கூம்பிக்கொண்டு எழும். அகலத்துக்குக் காசு கொடுத்தும் ரோட்டில் படும் இடம் அந்த அளவுக்குக் கூடாது. செயின் கவரில் உரசுகிறதா என்று வேறு பார்க்க வேண்டும்.

நாமக்கல்: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். வி2-வில் கம்பெனியே 130 கொடுத்ததே?

கொடுத்தது, 2011-இல். டயரை மட்டுமா மாற்றினார்கள்? ரிம் அகலமானது, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் புதிதாக அலுமினியத்தில் வந்தது, ஸ்ப்ராக்கெட் பல் கணக்கும் மாறியது. கடைசியாகச் சொன்னதை யாரும் யோசிப்பதில்லை. 100/80-17 டயரின் விட்டம் ஏறக்குறைய 592 மில்லிமீட்டர், 130/70-17 டயருக்கு 614. பல்லைத் தொடாமல் டயரை மட்டும் மாற்றினால் எல்லாக் கியரும் கிட்டத்தட்ட 4 சதவீதம் உயர்ந்து, இழுவை அந்த அளவுக்குக் குறைந்துவிடும். 17 குதிரைத்திறன் வண்டிக்கு அது சின்ன விஷயம் இல்லை. டயரின் எடை வேறு கூடுகிறது. பிறகு என்னிடம் வந்து "இழுவை போச்சு அண்ணா, கிளட்ச் பார்க்கணும்" என்பார்கள்.

மதுரை: நான் நாலு வருஷமாக வி1-இல் 130 போட்டு ஓட்டுகிறேன். ஒரு பிரச்சினையும் இல்லை. கொடைக்கானல்கூடப் போய் வந்தேன்.

போய் வரலாம். வண்டி ஓடாது என்று நான் சொல்லவில்லையே. பழைய டயரில் அதே மலை ரோட்டில் திரும்பியது எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். ஒரே வளைவில் ஒரே வேகத்தில், அகல டயர் வண்டியைக் கூடுதலாகச் சாய்த்தாக வேண்டும், ஏனென்றால் சாயும்போது ரோட்டைத் தொடும் இடம் நடுவிலிருந்து அதிகம் விலகிப் போகிறது. ஆர்15-இன் அழகே அது நினைத்த பக்கம் சட்டென்று திரும்புவதுதான்.

மதுரை மறுபடியும்: ரேஸ் வண்டி எல்லாம் அகல டயர்தானே?

இதற்குத்தான் காத்திருந்தேன். மோட்டோ3 பாருங்கள், உலக பைக் ரேஸில் சின்ன வண்டிகளின் பிரிவு. 250 சிசி, ஒற்றை சிலிண்டர், ஏறக்குறைய 60 குதிரைத்திறன், பெரிய டிராக்கில் மணிக்கு 230-ஐத் தாண்டும். டன்லப் டயர் கொடுத்த காலத்தில் பின் டயர் அளவு 115/75-17. உங்கள் வண்டியைப் போல மூன்று மடங்குக்கும் மேல் பவர், ஆனால் நீங்கள் மாட்டியிருப்பதைவிட ஒல்லி டயர். நீங்கள் படத்தில் பார்க்கும் அகல டயர் 200 குதிரைத்திறனுக்கு மேல் உள்ள வண்டிகளுக்கு. அந்த பவரை ரோட்டில் இறக்க அது வேண்டும். நமக்கு இறக்குவதற்கு அவ்வளவு பவர் எங்கே இருக்கிறது?

கிரிப் வேண்டுமென்றால் அதே அளவில் நல்ல ரப்பர் உள்ள டயர் வாங்குங்கள், காற்றை வாரம் ஒருமுறை வண்டி சூடாகும் முன் பாருங்கள். ரிம்மின் அகலம் ரிம்மிலேயே பொறித்திருக்கும். அந்த அகலத்துக்கு எந்த டயர் ஏற்றது என்று டயர் கம்பெனியின் அட்டவணையில் இருக்கும். கடைக்காரர் வாயை நம்ப வேண்டாம். இதற்குப் பிறகும் டயர் பற்றி ஆறு பேர் எழுதியிருந்தீர்கள், படித்தேன். என் பதில் மாறவில்லை.

ஈரோடு: சைலன்சர் மாற்றலாமா? சத்தம் நன்றாக இருக்கும்.

சத்தம் உங்களுக்கு நன்றாக இருக்கும், தெருவுக்கு இருக்காது. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில், அனுமதியில்லாமல் வண்டியை மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. பவர் கூடும் என்று விற்பவர்கள் கூடியதை அளந்து காட்டுவதில்லை.

தஞ்சாவூர்: செகண்ட் ஹேண்டில் வி3 பார்க்கிறேன். என்னென்ன கவனிக்க வேண்டும்?

நல்ல கேள்வி. காலையில் போங்கள், வண்டியை முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். ஆறிய இன்ஜின்தான் உண்மையைச் சொல்லும்.

ஃபைபர் பளபளப்பைப் பார்க்காதீர்கள், அது மாற்றியதாக இருக்கலாம். ஃபைபரைப் பிடிக்கும் கொக்கிகள் உடைந்து பசை போட்டிருக்கிறதா, ஹேண்டில் பார் நுனி, லீவர் முனை, ஃபுட்ரெஸ்ட் ஓரம் தேய்ந்திருக்கிறதா பாருங்கள். விழுந்த வண்டி அங்கேதான் மாட்டிக்கொள்ளும். அப்புறம் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, ஃபிரேமில் அது போய் முட்டும் இடத்தைப் பாருங்கள். அங்கே பெயின்ட் நசுங்கி, உலோகம் மடங்கியிருந்தால் முன்பக்கம் பலமாக இடித்த வண்டி. இந்த வண்டியின் டெல்டாபாக்ஸ் ஃபிரேம் வளைந்தால் ஒழுங்காக நிமிர்த்துவது பெரும்பாடு. விலை எவ்வளவு குறைத்தாலும் விட்டுவிடுங்கள்.

முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்பினால் நடுவில் பல்லில் விழுந்த மாதிரி நிற்கக் கூடாது. நின்றால் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) போயிருக்கிறது. அது பெரிய செலவில்லை, பேரத்துக்கு உதவும். முன் சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க் குழாயில் ஆயில் வழிந்திருந்தால் சீல் போயிருக்கிறது. ரிசர்வ் டப்பாவில் கூலன்ட் துருநிறமாக இருந்தால் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள்.

ஆயில் டிரெயின் போல்ட்டின் தலையில் சின்ன ஓட்டை போட்டிருக்கிறதா என்றும் குனிந்து பாருங்கள். ரேஸில் போல்ட் கழன்றுவிடாமல் கம்பி கட்டுவதற்குப் போடுவது அது. இங்கே செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் ஓடிய வண்டிகளில் பார்க்கலாம். டிராக்கில் ஓடியது என்பதாலேயே மோசம் என்று சொல்ல மாட்டேன், சில வண்டிகள் ரோட்டு வண்டியைவிட நன்றாகப் பராமரித்தவை. ஆனால் விற்பவர் அதைத் தானாகச் சொல்ல வேண்டும்.

ஆர்சியில் உள்ள இன்ஜின், சேஸிஸ் நம்பரை வண்டியில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். ஃபைனான்ஸ் முடிந்திருந்தால் ஆர்சியில் ஹெச்பி (கடன் பதிவு) நீக்கியாயிற்றா என்று பாருங்கள்.

விழுப்புரம்: நல்ல மைலேஜ் வர என்ன செய்ய வேண்டும்? எவ்வளவு வரும்?

வேளச்சேரிக்குச் சொன்னதுதான்.

திருச்சி: செல்ஃப் அடித்தால் ஸ்டார்ட் ஆகிறது, கியர் போட்டதும் அணைந்துவிடுகிறது.

சைடு ஸ்டாண்டு சுவிட்ச். ஸ்டாண்டு கீழே இருக்கும்போது கியர் போட்டால் இன்ஜின் நிற்க வேண்டும் என்பதற்காக வைத்தது. சேறு புகுந்தால் எடுத்த ஸ்டாண்டையும் எடுக்கவில்லை என்று நினைத்துக்கொள்ளும். கழுவிப் பாருங்கள். வயரை ஒட்டி நிரந்தரமாகச் செயலிழக்க வைக்காதீர்கள், ஸ்டாண்டோடு வளைவில் போய் விழுவீர்கள்.

நாகர்கோவில்: மணிக்கட்டு வலிக்கிறது.

உடம்பு பாரத்தைக் கையில் போடுகிறீர்கள். முழங்காலால் டேங்கை இறுக்கிப் பிடித்து, முதுகைத் தளர விட்டு, முழங்கையை லேசாக மடக்குங்கள். அப்போதும் வலித்தால் டாக்டரைப் பாருங்கள்.

காஞ்சிபுரம்: இன்சூரன்ஸ் கிளெய்ம் மறுத்துவிட்டார்கள்.

எனக்குத் தெரியாத விஷயம். மறுத்ததற்கான காரணத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு, இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்பட்ஸ்மேனிடம் போங்கள்.

கடலூர்: செயினுக்கு என்ன போடலாம்? ஸ்டாண்டில் ஏற்றி கியரில் ஓட விட்டு ஸ்பிரே அடித்தால் சீக்கிரம் முடிகிறது.

திருப்பூருக்கு எழுதியதை மேலே போய்ப் படியுங்கள். 'எல்லோரும் படியுங்கள்' என்று போட்டிருப்பதை இரண்டு தடவை படியுங்கள்.

பள்ளிக்கரணை: மழையில் வண்டி சீட் வரை மூழ்கியது. தண்ணீர் வடிந்துவிட்டது. ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?

செல்ஃபைத் தொடாதீர்கள். சாவியைக்கூடத் திருப்ப வேண்டாம். ஏர் ஃபில்டர் வழியாக சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால், தண்ணீரை அமுக்க முடியாது என்பதால் பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பேட்டரி வயரைக் கழற்றுங்கள். வண்டியை ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோய் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஏர் பாக்ஸைக் காய வைக்கச் சொல்லுங்கள். ஆயிலை வடித்தால் பால் கலந்த காபி நிறத்தில் வரும். புது ஆயிலும் ஃபில்டரும் போட்டு, கொஞ்ச நேரம் ஓட்டி, அதையும் வடித்து மறுபடி ஊற்ற வேண்டும். பெட்ரோல் டேங்கையும் காலி செய்யுங்கள், எத்தனால் கலந்த பெட்ரோல் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். சக்கர பேரிங், கோன் செட், பிரேக் கேலிப்பர் எல்லாம் பிரித்துப் பார்க்க வேண்டியவை. இன்சூரன்ஸில் கேட்கப் போகிறீர்களென்றால் எதையும் பிரிப்பதற்கு முன்னால் தண்ணீர்க் கோடு தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து, கம்பெனிக்குத் தகவல் சொல்லிவிடுங்கள்.

கடையைத் திறக்கும் நேரமாகிவிட்டது. மீதி இருக்கும் பதினொரு கேள்வியில் எட்டு மைலேஜ்.