பூங்காவைத் திருத்தியமைக்கும்போது அங்குள்ள பழைய ரோசாச் செடிகளைக் காப்பாற்ற முடியுமா?

கொழும்பில் உங்கள் வீட்டருகிலுள்ள பொதுப் பூங்காவை மாற்றியமைக்கப் போவதாகவும், அங்கே பல்லாண்டுகளாக நிற்கும் ரோசாச் செடிகளைப் பெயர்த்து வேறிடத்தில் நட்டால் பிழைக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பிழைக்கக்கூடும். ஆனால் பெயர்ப்பதைப் பற்றிப் பேசத் தொடங்கும் முன்னரே ஒவ்வொரு செடியிலிருந்தும் தடி வெட்டி நட்டுவிடுங்கள்.

இதை நான் இழப்பின் வழியே கற்றேன். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்கு அண்மையில் இருந்த சிறு பூங்காவில் ஐந்து பழைய ரோசாச் செடிகள் நின்றன. அம்மம்மா வெள்ளிக்கிழமைகளில் சாமிப்படத்துக்கு வைக்க அங்கிருந்துதான் இரண்டு பூக்களைக் கேட்டு வாங்கி வருவார். திருத்த வேலை தொடங்கும் நாளை அறிவித்திருந்தார்கள். செடிகளை எங்கே மாற்றி நடுவது என்று நாங்கள் கடிதம் எழுதிக்கொண்டிருக்க, அந்த நாளுக்குப் பத்து நாட்கள் முன்னதாகவே பெக்கோ இயந்திரம் வந்துவிட்டது. நான்கு செடிகளின் தடிகள் அயல்வீடுகளில் ஏற்கெனவே வேர்விட்டிருந்தன. சுவரோரம் படர்ந்திருந்த வெள்ளைக் கொடி ரோசாவிலிருந்து மட்டும் யாரும் தடி எடுத்திருக்கவில்லை. இன்றும் அது மனதை உறுத்துகிறது.

கலப்பினமான ரோசா விதையிலிருந்து தாயைப் போலவே முளைப்பதில்லை என்பதால், ஒரு வகை தொடர்வது தடி, பதியம், ஒட்டு ஆகியவற்றால்தான். 1867இல் பிரான்சில் அறிமுகமான 'லா பிரான்ஸ்' என்னும் ரோசாவை எல்லையாக வைத்து, அதற்கு முன்பே இருந்த வகுப்புகளைப் பழைய ரோசாக்கள் என்று வகைப்படுத்துவது வழக்கம். ரோசா என்றால் குளிரான மலைநகர் நுவரெலியாவுக்குத்தான் என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. ஆயினும் அப்பழைய வகுப்புகளுள் சீன ரோசாக்களும், இந்து சமுத்திரத்து ரீயூனியன் தீவில் தோன்றிய பூர்பன் ரோசாக்களும் குளிர்கால உறக்கத்தை வேண்டாதவை ஆகையால் கொழும்பின் வெப்பத்திலும் பூக்கும். தமிழ்நாட்டில் மாலை கட்டும் எட்வர்ட் ரோசா அந்தப் பூர்பன் குடும்பத்தைச் சேர்ந்ததே.

பூத்து முடிந்த கிளையில், பென்சில் தடிப்பில், 15 முதல் 20 சென்டிமீற்றர் நீளத்தில் தடி வெட்டுங்கள். மேலே இரண்டு இலைகளை மட்டும் விட்டு, மணலும் தென்னந்தும்புத் தூளும் கலந்த சாடியில் நட்டு, நிழலில் வைத்து, அடி வெட்டிய பிளாத்திக்குப் போத்தலால் மூடுங்கள். வேர்விட ஒன்று அல்லது இரண்டு மாதம் செல்லும். பல அழுகிவிடும் என்பதால் ஒரு செடிக்குப் பத்துத் தடியாவது எடுத்து மூன்று வீடுகளில் பிரித்து வையுங்கள். ஒட்டுச் செடியாயின், ஒட்டுக்குக் கீழிருந்து எழும் காட்டுத் தளிரை நீங்கள் காக்க விரும்பும் ரோசா என்று எண்ணி அதிலிருந்து தடி எடுத்துவிடாதீர்கள். பூவைப் பார்த்த கிளையிலிருந்தே எடுங்கள்.

தாய்ச் செடியைப் பெயர்ப்பதாயின் நான்கைந்து வாரங்களுக்கு முன்னரே சுற்றிலும் கால்வாய் வெட்டி நீண்ட வேர்களைத் துண்டித்துவிட்டால், செடியோடு சேர்த்துப் பெயர்க்கும் மண்ணுக்குள் புதுச் சிறுவேர்கள் உண்டாகும். தை, மாசி வெயிலைத் தவிருங்கள். முன்பு ரோசா நின்ற குழியிலேயே மீண்டும் ரோசாவை நட்டால் அது தேறாமல் போவதுண்டு. ஆகையால் அங்கே நடவேண்டியிருந்தால் பழைய மண்ணை அகற்றிப் புது மண் நிரப்பச் சொல்லுங்கள்.

பெயர் தெரியாத செடி என்பதற்காக அதைப் பெறுமதியற்றதென்று யாரேனும் ஒதுக்கினால் ஏற்காதீர்கள். பழைய ரோசாக்களைத் தேடிக் காப்பவர்கள், பெயர் அறியும்வரை செடிக்குக் கண்டெடுத்த இடத்தின் பெயரையே வைக்கிறார்கள். படமெடுத்து, நின்ற இடத்தை வரைபடத்தில் குறித்து, சாடியிலும் அதே பெயரை எழுதுங்கள்.

சிறிய அடுக்கு வெள்ளைப்பூ, கொத்துக் கொத்தாக, சுவரில் படரும் கொடி: கொழும்பில் இப்படி ஒன்றை எங்கேனும் கண்டால் எனக்குத் தெரிவியுங்கள். உரியவரின் அனுமதி பெற்று, தடி எடுக்க நானே வருவேன்.