ஸ்லோ குக்கர்ல பாஸ்தா ஏன் கூழாகுது?

கேள்வி: அக்கா, சிக்கன், பால், பாஸ்தா எல்லாத்தையும் காலைல ஸ்லோ குக்கர்ல (மணிக்கணக்கா மெதுவா வேகவைக்கிற கரண்ட் பாத்திரம்) ஒண்ணா கொட்டிட்டு ஆபீஸ் போயிட்டேன், சாயங்காலம் வந்து தொறந்தா பாஸ்தா கூழு, பால் திரிதிரியா நிக்குது, வீட்டுக்காரர் ஒரு வாய் வெச்சுட்டு தயிர்சாதம் இருக்கான்னு கேட்டார். எங்க தப்பு?

பதில்: எல்லாத்தையும் ஒண்ணா போட்டதுதாம்மா தப்பு. காலைல அரை கிலோ எலும்பில்லாத தொடைக்கறி, பூண்டு, மிளகு, ஒரு கப் சிக்கன் ஸ்டாக் (கோழி வேகவெச்ச சாறு), அவ்ளோதான். நெஞ்சுக்கறின்னா சீக்கிரம் வறண்டு நாராயிடும், அதான் தொடைக்கறி சொல்றேன். லோல (குறைஞ்ச சூடு) 4-5 மணி நேரம், டைமர் இருந்தா அப்புறம் தானா வார்முக்கு (ஆறாம சூடா வெக்கிற செட்டிங்) மாறிடும். ஃப்ரீசர் கறிய ஐஸோட போட்றாதீங்க, சூடு மெதுவா ஏறுறதுல கிருமி பெருகிடும்.

வீட்டுக்கு வந்ததும் கறிய ஃபோர்க்கால பிச்சு விட்டு, 100 கிராம் க்ரீம் சீஸ் போட்டு ஹைல அரை மணி நேரம், நடுவுல ஒருதடவை கிண்டினா போதும். பால் அவ்ளோ நேரம் சூடு தாங்காது, க்ரீம் சீஸ்ல கொழுப்பு ஜாஸ்தி, கடைசில போட்டா திரியாது. பாஸ்தாவ தனியா வேகவெச்சு, பாக்கெட்ல எழுதியிருக்கற நேரத்தவிட 2 நிமிஷம் முன்னாடியே இறக்கிடுங்க, மீதி அந்த சாஸ்லயே வெந்துக்கும். கெட்டியா இருந்தா பாஸ்தா வேகவெச்ச தண்ணி ஒரு கரண்டி. எலுமிச்சை பிழியறதா இருந்தா தட்டுல போட்டப்புறம் பிழிங்க.