அண்ணா பல்கலைக்கழகம் தொடங்கியது 1794-லா, 1978-லா?

இரண்டு ஆண்டுமே சரிதான். 1978-ல் பிறந்தது பல்கலைக்கழகம். 1794 அதன் மூத்த கல்லூரியான கிண்டி பொறியியல் கல்லூரி தொடங்கிய ஆண்டு.

அந்த ஆண்டு புனித ஜார்ஜ் கோட்டையில் ஒரு நில அளவைப் பள்ளி தொடங்கியது. முதலில் சேர்ந்தவர்கள் எட்டே பையன்கள். பள்ளி கல்லூரியாக வளர்ந்து, இடம் மாறி, 1920-ல் கிண்டிக்கு வந்தது. இன்றும் வளாகத்துக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது அந்தக் கல்லூரியின் செங்கல் நிறக் கட்டடம்தான்.

அப்புறம் 1978-ல் கிண்டி பொறியியல் கல்லூரி, அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, கட்டடக்கலைப் பள்ளி, குரோம்பேட்டை எம்.ஐ.டி. (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி) ஆகிய நான்கையும் இணைத்துப் பல்கலைக்கழகம் ஆக்கினார்கள். முதல் மூன்றும் கிண்டியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. எம்.ஐ.டி. மட்டும் தனி வளாகம்.

எனக்கு மனதுக்கு நெருக்கமானது அந்த எம்.ஐ.டி.தான். தொழிலதிபர் சி. ராஜம் தன் வீட்டையே விற்று 1949-ல் தொடங்கியது. அப்துல் கலாம் அங்கே விமானப் பொறியியல் படித்தபோது, மாணவர்கள் பார்த்துப் படிப்பதற்காகப் பழைய விமானங்கள் இரண்டை வளாகத்தில் நிறுத்தி வைத்திருந்தார்கள். அதே வளாகத்தில் உருவான சுமார் 40 கிலோ எடையுள்ள அனுசாட் செயற்கைக்கோள், 2009 ஏப்ரல் 20 அன்று பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் விண்ணுக்குப் போனது. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று உருவாக்கிய முதல் செயற்கைக்கோள் அது. பாடமாகப் படித்ததைச் செய்து பறக்கவிட்ட இடம் என்பதால்தான் அந்த வளாகத்தின் மீது இத்தனை மதிப்பு.

இடையில் பல்கலைக்கழகத்தைப் பல ஊர்களுக்குப் பிரித்து, பிறகு மறுபடி ஒன்றாக்கினார்கள். மற்ற ஊர்களில் உள்ள பொறியியல் கல்லூரிகள் பலவும் இதன் இணைப்பில் இயங்குபவை. ஆகவே சான்றிதழில் அண்ணா பல்கலைக்கழகம் என்று இருந்தாலும், படித்தது கிண்டியில்தான் என்று நினைத்துவிட வேண்டாம்.