வாசகர் கேள்வி–பதில்: அமெரிக்கா மெட்ரிக் முறைக்கு மாற வேண்டுமா?

கேள்வி: உலகில் ஏறத்தாழ எல்லா நாடுகளும் மீட்டர், கிலோகிராம், லிட்டர் என்று அளக்கும்போது, அமெரிக்கா மட்டும் இன்னும் மைல், பவுண்டு, காலன் என்றே இருக்கிறது. பழகிய அளவுகளை வைத்துக்கொண்டே நிலவுக்கு ஆள் அனுப்பிய நாடு, இவ்வளவு செலவு செய்து மாறத்தான் வேண்டுமா?

பதில்: மாறத்தான் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மைலும் பவுண்டும் மட்டமான அளவுகள் என்பதால் இதைச் சொல்லவில்லை. ஒரே வேலையில் இரண்டு அளவுமுறைகள் அருகருகே புழங்குவதுதான் ஆபத்து. அமெரிக்கா நெடுங்காலமாக அந்த நிலையில்தான் இருக்கிறது.

அந்த நாடு மெட்ரிக் பக்கமே போகவில்லை என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் 1866-இலேயே அங்கே மெட்ரிக் அளவுகள் சட்டப்படி செல்லுபடியாகிவிட்டன. 1875-இல் பாரிஸில் மீட்டர் உடன்படிக்கையில் கையெழுத்திட்ட 17 நாடுகளில் அமெரிக்காவும் ஒன்று. 1893 முதல் கெஜத்துக்கும் பவுண்டுக்கும் அங்கே தனித்த அடிப்படை கிடையாது. அவை மீட்டரையும் கிலோகிராமையும் கொண்டே வரையறுக்கப்படுகின்றன. 1959-இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி ஓர் அங்குலம் என்பது மிகச் சரியாக 25.4 மில்லிமீட்டர். நிலவுப் பயணத்தைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அப்போலோ விண்கலத்தின் வழிகாட்டும் கணினி உள்ளுக்குள் மெட்ரிக் அலகுகளில்தான் கணக்கிட்டது. விண்வெளி வீரர்களுக்குப் பழக்கம் என்பதற்காகவே விடையை அடியாகவும் கடல்மைலாகவும் மாற்றிக் காட்டியது.

இரண்டு முறைகளும் கலந்தால் என்ன நேரும் என்பதற்கு, அண்டை நாடான கனடா மெட்ரிக்குக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில், 1983 ஜூலை 23 அன்று நடந்ததைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். மாண்ட்ரியாலில் இருந்து எட்மண்டன் செல்ல வேண்டிய ஏர் கனடா போயிங் 767 விமானத்தின் எரிபொருள்மானி வேலை செய்யவில்லை. ஆகவே தொட்டியில் அளவுகோலை விட்டுப் பார்த்து, 7,682 லிட்டர் இருப்பதாகக் குறித்துக்கொண்டார்கள். பயணத்துக்குத் தேவையானது 22,300 கிலோகிராம். லிட்டரைக் கிலோகிராமாக மாற்றச் சுமார் 0.8 ஆல் பெருக்கியிருக்க வேண்டும். ஆனால் பழைய விமானங்களில் பழகிப்போன 1.77 ஆல் பெருக்கினார்கள். அது லிட்டரைப் பவுண்டாக மாற்றும் எண். ஏறத்தாழ 20,000 லிட்டர் ஊற்ற வேண்டிய இடத்தில் 5,000 லிட்டருக்கும் குறைவாக ஊற்றி விமானம் கிளம்பியது. 41,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது எரிபொருள் தீரத் தொடங்கி, அடுத்தடுத்து இரண்டு எஞ்சின்களும் நின்றன. விமானி அதை மிதக்கவிட்டே கொண்டுவந்து, கிம்லி என்ற ஊரின் பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கியதால் எல்லோரும் உயிர் பிழைத்தார்கள். அந்தப் பெருக்கலில் கூட்டல் கழித்தல் பிழை ஏதும் இல்லை. எண்ணுக்குப் பின்னால் இருந்த அலகுதான் வேறு. அதனால்தான் மறுமுறை சரிபார்த்தபோதும் பிழை பிடிபடவில்லை.

1999-இல் அமெரிக்காவின் செவ்வாய் காலநிலை ஆய்வுக்கலம் அழிந்ததற்கும் இதே வகைப் பிழைதான் காரணம். உந்துவிசைக் கணக்கை ஒரு தரப்பு மென்பொருள் பவுண்டு அலகில் தர, மறுதரப்பு அதை மெட்ரிக் முறையின் விசை அலகான நியூட்டன் என்று எடுத்துக்கொண்டது. ஒன்பது மாதங்களுக்கும் மேல் பயணம் செய்த கலம், திட்டமிட்டதைவிட மிகத் தாழ்வாகச் செவ்வாயின் வளிமண்டலத்துக்குள் புகுந்து தொலைந்துபோனது.

இவை பெரிய செய்திகள் என்பதால் வெளியே தெரிந்தன. எனக்கு இவற்றைவிடக் கவலை தருவது குழந்தைகளுக்கான திரவ மருந்து. தேக்கரண்டி என்றால் 5 மில்லிலிட்டர், மேசைக்கரண்டி என்றால் 15. இரவில் அரைத் தூக்கத்தில் ஒன்றை மற்றொன்றாகப் படித்துவிட்டால் மருந்து மூன்று மடங்காகிவிடும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2015-இல், இத்தகைய மருந்துகளை மில்லிலிட்டரில் மட்டுமே அளக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. மாற்றத்துக்கான செலவைப் பற்றிப் பேசுகிறவர்கள், மாறாமல் இருப்பதற்கு அன்றாடம் கொடுக்கும் விலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கேள்வி: 1975-இல் அமெரிக்கா இதற்கெனச் சட்டமே இயற்றியதாகப் படித்தேன். பிறகு ஏன் நடக்கவில்லை?

பதில்: அந்தச் சட்டம் மாற்றத்தை விருப்பத்துக்கு விட்டது, இறுதித் தேதி எதையும் விதிக்கவில்லை. மேற்பார்வைக்கு அமைக்கப்பட்ட வாரியத்துக்கு யாரையும் கட்டாயப்படுத்தும் அதிகாரம் இல்லை. 1982-இல் அதையும் கலைத்துவிட்டார்கள். ஒரு தொழிற்சாலை மட்டும் முந்திக்கொண்டு மாறினால், அதற்குப் பாகங்கள் தருகிறவரும் அதனிடம் வாங்குகிறவரும் பழைய அளவிலேயே இருப்பார்கள், நட்டம் முந்தியவருக்கே. ஆகவே எல்லோரும் அடுத்தவர் மாறட்டும் என்று காத்திருந்தார்கள்.

அரிசோனாவில் டூசானில் இருந்து நொகாலஸ் செல்லும் 19-ஆம் எண் நெடுஞ்சாலை அந்தக் காலத்தின் எச்சம். அங்கே ஊர்களுக்கான தூரம் கிலோமீட்டரில் எழுதப்பட்டிருக்கிறது. வேக வரம்போ மைலில். மைல் காட்டும் வண்டியில் போகிறவர், இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று மனக்கணக்குப் போட வேண்டிய ஒவ்வொரு முறையும் ஒரு பெருக்கலைச் செய்தாக வேண்டும். அரைகுறை மாற்றத்தால் யாருக்கும் பயனில்லை.

ஆஸ்திரேலியா வேறு வழியில் போனது. 1970-இல் சட்டம் இயற்றி, துறைவாரியாகத் தேதி குறித்து, 1974 ஜூலையில் நாடெங்கும் சாலைப் பலகைகளை ஏறத்தாழ ஒரே மாதத்தில் மாற்றி முடித்தார்கள். வேலை முடிந்தது என்று 1981-இல் அங்கே வாரியத்தை மூடினார்கள். வாரியத்தை மூடியது இரண்டு நாடுகளும்தான். ஆனால் காரணங்கள் எவ்வளவு வேறு!

கேள்வி: மர வேலை செய்பவர்களுக்கு அரை, கால், அரைக்கால் என்று பாதி பாதியாகப் பிரிவது வசதி அல்லவா? அடியில் மூன்றில் ஒரு பங்கும் முழு எண்ணாக வருமே?

பதில்: நியாயமான வாதம். 12-ஐ 2, 3, 4, 6 ஆகிய நான்காலும் மீதியின்றி வகுக்கலாம். 10-க்கு அந்த வசதி இல்லை. ஆனால் ஒரே பலகையில் அடுத்தடுத்து 5/8 அங்குலமும் 7/16 அங்குலமும் குறித்துக் கூட்ட வேண்டியிருந்தால், பகுதியைச் சமப்படுத்தி 17/16 என்று கண்டு, அதை மீண்டும் 1 1/16 ஆக்க வேண்டும். மில்லிமீட்டரில் அவை கிட்டத்தட்ட 16, 11; கூட்டினால் 27.

ஏற்கெனவே கட்டிய வீட்டையும் பதித்த குழாயையும் யாரும் இடித்து மாற்றச் சொல்லவில்லை. அவை தேயும்வரை பழைய அளவுப் பாகங்கள் கிடைத்துக்கொண்டிருக்க வேண்டும். நில அளவையில் அமெரிக்கா ஏற்கெனவே ஒரு குழப்பத்தைத் தீர்த்திருக்கிறது: பத்து லட்சத்தில் இரண்டு பங்கு மட்டுமே வேறுபட்ட இரண்டு வகை ‘அடி’கள் அங்கே புழக்கத்தில் இருந்தன. ஆயிரம் கிலோமீட்டர் தூரத்தில் அந்த வேறுபாடு இரண்டு மீட்டராகிவிடும். நில அளவைக்கான பழைய அடியை 2022 இறுதியோடு விலக்கிவிட்டார்கள். அதுபோலவே முதலில் மருந்துச் சீட்டு, அடுத்து அரசுக் கட்டுமான ஒப்பந்தங்கள், பிறகு ஒரே மாதத்தில் சாலைப் பலகைகள் என்று ஒவ்வொன்றுக்கும் தேதி குறித்துச் சட்டம் வர வேண்டும்; இம்முறை அதை விருப்பத்துக்கு விடக்கூடாது.